பழைய மாதா கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஏற்காட்டுக்குப் போகிற வழியில் கோபுரத்தில் சிலுவை தெரிந்தால் போதும், வண்டியை ஓரங்கட்டி செல்ஃபி எடுத்துவிட்டு 'பழைய கத்தோலிக்க சர்ச்' என்று எழுதிவிடுகிறார்கள். ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி, சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையின் கோயில், அதாவது புராட்டஸ்டன்ட் கோயில். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சிசோம் வடிவமைத்த சேலம் கிறைஸ்ட் சர்ச்சும் அப்படித்தான். கத்தோலிக்க ஆயரின் (பிஷப்பின்) கோயிலைப் பார்க்க வேண்டுமென்றால் சேலம் அரிசிபாளையத்திலுள்ள குழந்தை இயேசு பேராலயத்துக்குப் போங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, எல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது என்று நினைப்பது. ஆயரின் ஆளுகைப் பகுதியான சேலம் மறைமாவட்டம் உருவானது 1930இல்தான். ஆனால் தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்ட இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்தி, மதுரையிலிருந்து சேலத்துக்கு வந்தது 1623இல். அதே ஆண்டில்தான், மதம் மாறியவர்கள் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம் என்று ரோமிலிருந்து அனுமதி வந்தது.

கிறிஸ்தவ வேதம் வந்தபோதே சாதியும் கூட வந்துவிட்டது. உயர்சாதிக்காரர்களிடம் பழகச் சந்நியாசி வேடத்தில் ஒரு குரு. மற்றவர்களுக்கென்று 1640 முதல் பண்டார சாமிகள் என்ற வேறு குருக்கள். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாகச் சுவர் எழுப்பினார்கள். அது இடிபட்டது 1910இல். திருச்சபைக்குள் தீண்டாமை இன்னும் இருக்கிறது என்று இந்திய ஆயர் பேரவையே 2016இல் ஒப்புக்கொண்டது. ஆகவே எந்தப் பழைய கோயிலுக்குப் போனாலும், பீடத்தைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். பங்கு அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கல்லறைத் தோட்டத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். யாருக்குக் கல் நட்டிருக்கிறது, யாருக்கு வெறும் மண்மேடு, நடுவில் ஏதாவது சுவரோ வேலியோ உண்டா என்பது தெரியும். கோயில் ஆண்டு நிறைவுக்குப் போடும் ஜூபிலி மலரில் இதெல்லாம் இருக்காது. அதில் கொடிமரம் நட்ட தேதிவரை எழுதியிருப்பார்கள், சண்டையை மட்டும் விட்டுவிடுவார்கள்.

அதற்காகப் பூசை முடிந்து வரும் உபதேசியாரை (குருவுக்கு உதவியாக வேதம் சொல்லிக்கொடுப்பவரை) மறித்து, 'இங்கே எந்தச் சாதி எந்தப் பக்கம் உட்காரும்?' என்று கேட்காதீர்கள். உண்மையைச் சொன்னால் ஊரில் அவர் பாடு திண்டாட்டம். 'பால் பவுடருக்காக மதம் மாறினவங்கதானே?' என்ற கிண்டலும் வேண்டாம். 1876-78 தாது வருசப் பஞ்சம் சேலம் ஜில்லாவைச் சூறையாடியபோது, கஞ்சி கொடுத்த கையைப் பற்றிக்கொண்டவர்களும் இருந்தார்கள். பசியோடு இருந்தவனிடம் கொள்கை எங்கே என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

இடிந்த சுவரைக் கண்டால் 'திப்பு இடித்தது' என்று சொல்லும் கைடுகளையும் நம்ப வேண்டாம். 1792 வரை சேலம் மைசூர்க்காரர்கள் கையில் இருந்தது உண்மைதான். அதற்காக ஓடு சரிந்த ஒவ்வொரு கூரைக்கும் அவர் பொறுப்பாகிவிட மாட்டார். மழையும் பராமரிப்பு இல்லாததும் இடித்தவை எத்தனையோ.

இன்னொன்று. பூசையில் கொடுக்கும் அப்பமான நற்கருணையைப் பிரசாதம் என்று நினைத்து வரிசையில் போய் நிற்காதீர்கள். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற கத்தோலிக்கர்களிலும் தயாரிப்போடு வருபவர்களுக்குத்தான் அது. மற்றவர்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். செருப்பை வாசலில் விடுவதா வேண்டாமா என்பது அங்கே கழற்றிக் கிடப்பதைப் பார்த்தாலே தெரியும்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போக நவம்பர் 2 வசதியான நாள். கல்லறைத் திருநாள் என்பதால் வாசல் திறந்தே இருக்கும். அன்று கேமராவை மட்டும் வண்டியிலேயே வைத்துவிடுங்கள். மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் அழுதுகொண்டிருப்பார்கள்.