நானோ இழையின் அருகே குளிர் அணுக்களைப் பிடித்து நிறுத்தும் முறை

நானோ இழை என்பது தலைமயிரைவிடப் பலமடங்கு மெல்லிய கண்ணாடி ஒளியிழை. லேசரால் குளிர்வித்து வேகம் குறைத்த அணுக்களை அதன் அருகே பிடிக்கும் சோதனையை வேலூரில் அமைக்க எண்ணும் ஆராய்ச்சி மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் முதல் இடர்ப்பாடு இழையின் மேற்பரப்பிலிருந்தே வருகிறது. அணுவுக்கும் மேற்பரப்புக்கும் இடையிலான வான் டெர் வால்ஸ் ஈர்ப்பாற்றல் தொலைவின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் பெருகுவதால், தடுப்பின்றி நெருங்கும் அணு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இதற்கு விடை இரு நிற ஒளிப்பொறி, அதாவது இழைக்குள் செலுத்தும் இரு அலைநீள ஒளிகளால் அணுவைப் பிடிக்கும் பொறி. 2004-இல் லே கியென், பாலிகின், ஹகுடா ஆகியோர் முன்மொழிந்த இம்முறையை, 2010-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ரௌஷன்பாய்ட்டல் குழுவினர் சீசியம் அணுக்களைக் கொண்டு நிகழ்த்திக் காட்டினர்.

சீசியத்தின் 852 நானோமீட்டர் ஒத்ததிர்வைவிட (அணு வலுவாக உட்கவரும் அலைநீளத்தைவிட) நீண்ட 1064 நானோமீட்டர் ஒளி அணுவை இழையை நோக்கி இழுக்கும்; குறுகிய 780 நானோமீட்டர் ஒளி தள்ளும். இரண்டும் இழைக்கு வெளியே கசிந்து மங்குகின்றன. ஆயினும் 780 விரைவில் மங்குவதால், சுவருக்கு அருகில் தள்ளலும் சற்று விலகினால் இழுப்பும் ஓங்குகின்றன. வேலூர்க் கோட்டை மதிலை ஒட்டி அகழி அமைந்ததுபோல, இழையிலிருந்து சுமார் 230 நானோமீட்டர் தள்ளி ஓர் ஆற்றல் பள்ளம் உருவாகிறது.

முதலில் இழையைச் செய்ய வேண்டும். அதிகப் பொறுமையை விழுங்குவதும் இதுவே. 125 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சாதாரண ஒளியிழையின் மேலுறையை நீக்கி, ஹைட்ரஜன் சுடரில் இளக்கி, இருபுறமும் மெல்ல இழுத்து, நடுப்பகுதியைச் சுமார் 500 நானோமீட்டருக்குக் குறைக்க வேண்டும். இழுக்கும்போதே ஒளியைச் செலுத்தி ஊடுகடத்தலை (மறுமுனைக்கு வந்து சேரும் ஒளியின் பங்கை) கவனித்தால், 99 விழுக்காட்டுக்கு மேல் பெறலாம். கத்திரி வெயிலில் ஏசி இல்லாமல் இருப்பது கடினம்தான் என்றாலும், அதன் காற்று சுடரை அசைத்துவிடும் என்பதால் அந்தச் சில நிமிடங்களுக்கு அதையும் மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். தூசி இதைவிடப் பெரிய எதிரி: இழையில் ஒரு துகள் படிந்திருந்தால், வெற்றிடத்தில் வெப்பம் வெளியேற வழியின்றி, சில மில்லிவாட் ஒளியிலேயே இழை அறுந்துபோகக்கூடும். சோதனை தோற்றால் லேசரைக் குறை சொல்வதற்கு முன் இழையைப் பாருங்கள் என்பேன்.

பிறகு வெற்றிடக் கலத்தில் இழையைப் பொருத்தி, அதைச் சுற்றிக் காந்த-ஒளிப் பொறியில் (காந்தப்புலமும் லேசர்களும் சேர்ந்து அணுக்களைக் குளிர்வித்துத் திரட்டும் அமைப்பில்) சீசிய முகிலைத் திரட்டுங்கள். மின்தடையிலும் வெற்றிடம் கெடாதிருக்க, அதைக் காக்கும் அயனிப் பம்புக்கு யூபிஎஸ் கட்டாயம்.

1064 ஒளியை இரு முனைகளிலிருந்தும் தலா 2.2 மில்லிவாட் அளவில் செலுத்தினால் அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து, இடம்பெயராத நிலையலை உண்டாகி, பள்ளம் இழை நெடுகத் தனித்தனிக் குழிகளாகப் பிரியும். 780 ஒளியைச் சுமார் 25 மில்லிவாட்டில், முன்னதற்குச் செங்குத்தான முனைவாக்கத்தில் (ஒளியலை அதிரும் திசையில்) செலுத்துங்கள். மைன்ஸில் இவ்வளவுகளுக்குக் கிடைத்த குழியின் ஆழம், வெப்பநிலை அலகில் சொன்னால், 0.4 மில்லிகெல்வின்; அணுக்கள் அதைவிடக் குளிர்ந்திருந்தால்தான் தங்கும். ஆகவே காந்தப்புலத்தை அணைத்து, லேசர் குளிர்விப்பை மட்டும் சிறிது நேரம் தொடர்ந்தபின் குளிர்விக்கும் ஒளியையும் நிறுத்துங்கள். குழிக்கு ஓர் அணுவுக்கு மேல் தங்காது. இரண்டாவது நுழைந்தால், குளிர்விக்கும் ஒளியின் தூண்டலால் ஒன்றோடொன்று மோதி இரண்டுமே வெளியேறும்.

இறுதியாக, 852 நானோமீட்டர் ஒளியை மிக மெல்லிய அளவில் இழைக்குள் அனுப்பி, அணுக்கள் அதை எவ்வளவு விழுங்குகின்றன என்ற உட்கவர்தலை அளவிடுங்கள். பொறி ஒளிகளை ஒரு கணம் அணைத்துவிட்டு மீண்டும் அளக்கும்போது அந்த உட்கவர்தல் மறைந்திருந்தால், முன்பு கண்டவை பிடிபட்ட அணுக்களே. மறையாமல் நின்றால் கலத்தில் மிஞ்சிய சீசிய ஆவி அதற்குக் காரணமா என்று தேடுங்கள்.