சாவியை வாசலிலேயே மாட்டி வைக்காதீர்கள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு உரக்கடைக்கு, குறுவைக்கு யூரியாவும் டிஏபியும் கடனுக்கு வாங்கிப் போகிறவர்களின் பாக்கியைக் குறித்து வைக்க, பிரவுசரிலேயே ஓடும் ஒரு சின்னக் கணக்குப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பேரும் போன் நம்பரும் இருக்கின்றனவே என்று கிரிப்டோஜேஎஸ் என்ற ஆயத்த நிரல் நூலகத்தால் எல்லாவற்றையும் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையில் பூட்டினேன். பூட்டவும் திறக்கவும் வேண்டிய ரகசியச் சாவியை எங்கே வைத்தேன்? அதே ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் மூன்றாவது வரியில்! கடைக்காரரின் மகன் பக்கத்தின் நிரலைக் காட்டும் எஃப்12 விசையைத் தட்டி ஐந்தே நிமிடத்தில் எல்லாக் கணக்கையும் திறந்து காட்டினான்.

நிரலைச் சுருக்கினாலும், குழப்பி எழுதினாலும், தனியாக என்வ் (.env) என்ற அமைப்புக் கோப்பில் வைத்துப் பில்டு செய்தாலும் அந்தச் சாவி கடைசியில் பிரவுசருக்குத்தான் வந்து சேரும். சரி, வேறென்ன வழி? கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு அடிக்கட்டும், அதிலிருந்து சாவியை உருவாக்குங்கள்.

அதிலும் ஒரு பள்ளம் உண்டு. கிரிப்டோஜேஎஸ்ஸின் ஏஇஎஸ்ஸுக்குச் சாவியைச் சாதாரண எழுத்துச் சரமாகக் கொடுத்தால், அது அதைச் சாவியாக எடுத்துக்கொள்ளாது. பாஸ்வேர்டாக எண்ணி, சால்ட் என்ற தற்செயல் பைட்டுகளைச் சேர்த்து, எம்டி5 என்ற பழைய ஹாஷ் கணக்கில் ஒரே சுற்றுச் சுற்றி வேறொரு சாவி செய்துகொள்ளும். "அதே சாவிதான், ஆனால் சர்வரில் திறக்க மாட்டேன் என்கிறது" என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான். ஒரே சுற்று என்பதால் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்ப்பதும் சுலபம். பாஸ்வேர்டைப் பல சுற்றுச் சுற்றிச் சாவி செய்யும் பிபிகேடிஎஃப்2 முறையைப் பயன்படுத்துங்கள், சுற்று எண்ணிக்கையை நீங்களே எழுதுங்கள்: அதில் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் என்றால் 6,00,000 என்பது இணையச் செயலிப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் பரிந்துரை. இந்த நூலகத்தில் முன்பு தானாக இருந்தது வெறும் 1 சுற்று. 2023 அக்டோபரில் வந்த 4.2.0 பதிப்பில்தான் 2,50,000 ஆனது. நூலகம் போட்டுக்கொள்ளும் என்று விட்டிருந்தால் பதிப்பை மாற்றிய அன்று பழைய கணக்கு திறக்காது.

அப்புறம் ஐவி, அதாவது பூட்டும்போது தொடக்கத்தில் கலக்கும் எண். அதை நிலையாக வைத்தாலோ, ஐவியே இல்லாத இசிபி முறையில் பூட்டினாலோ, "பாக்கி இல்லை" என்ற சொல் எல்லார் கணக்கிலும் ஒரே குப்பையாகத் தெரியும், யார் கடனில்லாதவர் என்று பூட்டைத் திறக்காமலே எண்ணிவிடலாம். ஒவ்வொரு தடவையும் புது ஐவி எடுத்துப் பூட்டியதோடு சேர்த்தே சேமியுங்கள், அது ரகசியம் இல்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு தொல்லை: பைட்டுகளை பேஸ்64 எழுத்துகளாக்கும் பிடிஓஏ (btoa) என்ற பிரவுசர் கட்டளைக்கு "நெல்" என்று கொடுத்தால் பிழை காட்டி நின்றுவிடும், முதலில் தமிழ் எழுத்தையும் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறைக்கு மாற்ற வேண்டும். கிரிப்டோஜேஎஸ்ஸில் டிக்ரிப்ட் செய்ததையும் யூடிஎஃப்-8 ஆக மாற்றச் சொல்லாவிட்டால் பதினாறெண் (ஹெக்ஸ்) வரிசைதான் வரும். பூட்டியதை இணைப்பு முகவரியில் அனுப்பினால் கூட்டல் குறி இடைவெளியாகிக் கெட்டுப்போகும்.

இந்த நூலகத்தின் மேம்பாடு நின்றுவிட்டது, ஆகவே புதிதாக எழுதுகிறவர்கள் பிரவுசரிலேயே இருக்கும் வெப் கிரிப்டோ என்ற மறையாக்க வசதிக்குப் போங்கள். அதில் திருத்தத்தைக் கண்டுபிடிக்கும் ஏஇஎஸ்-ஜிசிஎம் முறை இருக்கிறது, யாராவது பாக்கித் தொகையைத் திருத்தினால் திறக்கவே திறக்காது. ஆனால் பக்கம் ஹெச்டிடிபிஎஸ் முகவரியிலோ, அதே கணினியைக் குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட்டிலோ திறக்க வேண்டும். கடை வைஃபையில் வெறும் ஐபி முகவரியில் திறந்தால் அந்த வசதியே காணாது.

பாஸ்வேர்டு மறந்தால் கணக்கு போச்சு, மீட்க வழியில்லை. அதனால் பழைய பேரேட்டையும் சம்பா அறுவடை வரை எழுதச் சொல்லியிருக்கிறேன்.