ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் ஒரே டயர்: அளவான பட்ஜெட்டில் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கிலோ, கோவை செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ட்ராக் டேக்கு, அதாவது சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, பெயர் கொடுத்த கையோடு பலரும் டயர் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். வண்டி ஆர்15, பல்சர் என்எஸ்200, அப்பாச்சி, டியூக் என்று 150 முதல் 400 சிசிக்குள் இருக்கும். வருடத்தில் ஓரிரு நாள் ட்ராக். மற்ற நாளெல்லாம் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆர்., எப்போதாவது கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள். கையில் இருக்கும் பணமோ அளவானது. இப்படி இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விலை குறைவு என்பதற்காக ஒரு டயரைக் கண்டு பயப்படத் தேவையில்லை. எம்ஆர்எஃப், மதுரை டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் யூரோகிரிப், அப்போலோ, சியட் என எல்லோரும் இந்த வண்டிகளுக்கு நல்ல ரேடியல் டயர் (உள்நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்குறுக்காக ஓடுவது) போடுகிறார்கள். பணம் வீணாவது பெரும்பாலும் வேறு இடங்களில்.

ஒரு நாள் ட்ராக்குக்காக வருடம் முழுக்க ரேஸ் டயர்

ரேஸில் ஓடும் டயர்தான் ஒட்டும், அதைப் போட்டால் ரோட்டிலும் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. ஆனால் ரேஸ் ரப்பர் நன்றாகச் சூடேறிய பிறகுதான் வேலை செய்யும். பந்தயங்களில் டயரைச் சுற்றி மின்சார வார்மர் போர்த்தி, 80 டிகிரி வரை ஏற்றிவிட்டுத்தான் வண்டியை வெளியே விடுகிறார்கள். அந்தச் சூடு டயரின் மேற்பரப்பில் மட்டும் இருந்தால் போதாது, உள்வரை ஊறியிருக்க வேண்டும். ஓட்டும்போது அதைத் தக்கவைப்பது தொடர்ந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக்கும், சாய்வும், ஆக்சிலரேட்டரும். கிண்டி சிக்னலில் நின்று நின்று போகும் வண்டிக்கு அது ஒருபோதும் கிடைக்காது. அதிகாலை ஏற்காடு மலைப்பாதையில் அதே டயர் கட்டை மாதிரி இருக்கும். மழை வந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் தண்ணீரை வெளியேற்ற அதில் பள்ளங்கள் குறைவு, ஸ்லிக் எனும் வழவழப்பான ரேஸ் டயர் என்றால் சுத்தமாகக் கிடையாது. ஸ்லிக்கை ரோட்டில் ஓட்டவே கூடாது.

ரோட்டுக்கான ஸ்போர்ட் டயர் வேறு மாதிரி. அதன் ரப்பரில் சிலிகா கலந்திருப்பதால் குறைந்த சூட்டிலும் ஈரத்திலும் பிடிமானம் தரும். புதிதாக ட்ராக்குக்குப் போகிறவருக்கு இது தாராளமாகப் போதும். முதல் சில ட்ராக் டேக்களில் உங்களைத் தடுத்து நிறுத்துவது உங்கள் பிரேக்கிங்கும் பார்வையும்தான், டயரின் எல்லை வர இன்னும் வெகுதூரம் இருக்கும். ரேஸ் டயருக்குப் போடும் பணத்தில் இன்னொரு ட்ராக் டேக்குக் கட்டணம் கட்டுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஓடி முடித்த ட்ராக் டயர்

ரேஸர்கள் கழற்றிப் போட்ட டயர் பாதி விலைக்குக் கிடைக்கும். புதுப்பேட்டைப் பக்கம் போனால் பழைய டயர்களும் கண்ணில் படும். பள்ளம் இன்னும் ஆழமாக இருக்கிறதே என்று கை துறுதுறுக்கும். பள்ளத்தின் ஆழத்தை வைத்து ரப்பரின் உயிரை எடைபோட முடியாது. ஒவ்வொரு முறை கடுமையாகச் சூடேறி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது. பல முறை இப்படி ஆன டயர் பார்க்கப் புதிது போல இருந்து, சாய்க்கும்போது வழுக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பர் லேசாக உள்வாங்கித் திரும்பும். செத்த ரப்பரில் நகம் சறுக்கும். முழுமையான சோதனை இல்லை என்றாலும், வேண்டாம் என்று முடிவெடுக்க அது போதும்.

தேய்ந்த டயரில் சூடான கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டித் தருவதாகச் சொல்லும் கடைகளும் உண்டு. பைக் டயரில் அப்படி வெட்ட ரப்பர் கிடையாது. அடியில் இருக்கும் நூலடுக்கு வரை கத்தி போய்விடும். அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அகலமாகப் போட்டால் கிரிப் கூடும் என்ற நம்பிக்கை

பட்ஜெட் வண்டிக்காரர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். பின்னால் 130/70-17 (அகலம் 130 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 17 அங்குலம்) வரும் வண்டியில் 140 அல்லது 150 போடுவது. பார்க்கக் கம்பீரமாக இருக்கும், மறுக்கவில்லை. 130/70-17 டயர் 3.5 அங்குல ரிம்மை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. 150/60-17 டயருக்கு 4 அங்குலமாவது வேண்டும். சின்ன ரிம்மில் பெரிய டயரை மாட்டினால் இரண்டு பக்கச் சுவரும் உள்ளே இழுக்கப்பட்டு, நடுப்பகுதி உயர்ந்து கூம்பிவிடும். நேராகப் போகும்போது தரையில் படுவது குறுகிய பட்டை. சாய்க்கும்போது ஓரம் தரையில் உட்கார வேண்டிய கோணத்தில் உட்காராது. அகலத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, தரையில் படும் ரப்பரைக் குறைத்துக்கொள்கிறோம்.

உயரமும் மாறும். 130/70-17 டயரின் மொத்த விட்டம் சுமார் 614 மில்லிமீட்டர், 140/70-17 என்றால் 628. வண்டியின் பின்புறம் 7 மில்லிமீட்டர் தூக்கப்படுகிறது, ஸ்பீடோமீட்டரும் வித்தியாசம் காட்டும். செயினிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ உரசுகிறதா என்ற கவலை தனி. 150, 200 சிசி இன்ஜினுக்குக் கூடுதல் எடையைச் சுழற்றுவதும் சுமைதான். வண்டி திரும்பவும் சோம்பல்படும். கம்பெனி கொடுத்த அளவையே வாங்கி, மிச்சமாகும் பணத்தில் ஒரு படி நல்ல ரப்பராகப் பாருங்கள்.

டயரின் பக்கச் சுவரைப் படிக்காமல் வாங்குவது

பெரிய பிராண்ட், பெரிய தள்ளுபடி என்றதும் அங்கே கேட்க வேண்டிய கேள்வி தேதி. பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் டயரின் பிறந்த தேதி. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், அதாவது ஜூன் தொடக்கம். சில டயர்களில் இது ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். அதனால் டயரை ரிம்மில் மாட்டும் முன்பே திருப்பிப் பாருங்கள், மாட்டிய பிறகு கடைக்காரரோடு வாதாட முடியாது.

2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. பைக் டயர்களும் அதில் அடக்கம். அதன்பின் வெளிநாட்டு டயர்களின் சில அளவுகள் சுலபமாகக் கிடைக்காமல் போயின. எனவே, வெளிநாட்டுப் பெயர் போட்ட டயர் நம்ப முடியாத விலைக்குக் கிடைக்கிறது என்றால் தேதியை இரண்டு முறை பாருங்கள். நான்கைந்து வருடம் குடோனில் கிடந்த வெளிநாட்டு டயரை விட, ஆறு மாதத்துக்குள் தயாரான உள்ளூர் ரேடியலையே நான் எடுப்பேன், யோசிக்கவே மாட்டேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். விலை பேசும்போது இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. பழைய விலைச் சீட்டைக் காட்டினால் பில்லில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் எடைக் குறியும் வேகக் குறியும். 66எச் என்றால் அந்த டயர் 300 கிலோ வரை தாங்கும், மணிக்கு 210 கிலோமீட்டர் வரை செல்லும் என்று பொருள். பி (P) என்றால் 150, எஸ் (S) என்றால் 180. நம் வண்டி 140க்கு மேல் போகாதே, பி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கம்பெனி கொடுத்த குறியை விடக் கீழே இறங்க வேண்டாம். வேகத்தில் வரும் சூட்டை டயர் எவ்வளவு தாங்கும் என்பதோடும் அந்த எழுத்துக்குத் தொடர்பு உண்டு. ட்ராக்கில் டயருக்குச் சோதனை வருவது அந்தச் சூட்டில்தான்.

பின் டயரை மட்டும் மாற்றுவது

பின் டயர் சீக்கிரம் தேய்வதால் அது கண்ணில் படுகிறது. முன் டயரில் பட்டன் அப்படியே இருக்கும், ‘இன்னும் ஒரு வருஷம் ஓடும்’ என்று கடைக்காரரும் சொல்வார். வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை முழுக்க முன்னால் சாய்கிறது, நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன் டயர்தான் செய்கிறது. பின் டயர் வழுக்கினால் பல சமயம் சமாளித்துவிடலாம். வளைவில் முன் டயர் விட்டுவிட்டால் யோசிக்க நேரம் இருக்காது. ஆறேழு வருடப் பழைய முன் டயரில் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் அதை ட்ராக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு டயருக்குத்தான் பணம் இருக்கிறது, இரண்டுமே பழசு என்றால், முன்னதை மாற்றிவிட்டு ட்ராக் டேயை அடுத்த முறைக்குத் தள்ளிப் போடுங்கள்.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கலப்பதிலும் கவனம் வேண்டும். ரேடியலும், உள்நூல்கள் சாய்வாக ஒன்றையொன்று குறுக்கிடும் பயாஸ் டயரும் வளைந்து கொடுக்கும் விதம் வேறு. சில வண்டிகள் கம்பெனியிலிருந்தே முன்னால் பயாஸ், பின்னால் ரேடியலோடு வருகின்றன. அது சோதித்துப் பார்த்த ஜோடி. நாமாக முன்னால் ரேடியல், பின்னால் பயாஸ் என்று கலக்கக் கூடாது.

நெடுஞ்சாலையில் சப்பையான டயர்

பலர் கவனிக்காதது இது. தினமும் சென்னை ஜிஎஸ்டி ரோட்டில் நேராகவே ஓடும் வண்டியின் பின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் வட்டமான முதுகு போய், நடுவில் பலகையும் இரண்டு பக்கம் விளிம்பும் தெரியும். ரோட்டில் இதோடு காலம் தள்ளலாம். ட்ராக்கில் வண்டியைச் சாய்க்கும்போது முதலில் சாய மறுக்கும், அந்த விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று சாயும். புதிதாக ஓட்டுபவர் தன் உடல் அசைவில்தான் தப்பு என்று நினைத்துக் குழம்புவார். அதிகம் நெடுஞ்சாலையில் போகிறவர் நடுவில் கெட்டியும் ஓரத்தில் மென்மையுமாக இரட்டை ரப்பர் கொண்ட டயரைத் தேடினால் இந்தத் தொல்லை தாமதமாகும்.

காற்று

ஒரு டயர் நல்லதா கெட்டதா என்று சொல்லும் பேச்சில் பாதி உண்மையில் காற்றழுத்தத்தைப் பற்றியது. தப்பான காற்றோடு ஓடும் விலை உயர்ந்த டயர், சரியான காற்றோடு ஓடும் சாதாரண டயரிடம் தோற்கும். ஆனாலும் காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் ஒன்றைச் சொந்தமாக வாங்க மனம் வருவதில்லை. பெட்ரோல் பங்க் கேஜை நம்ப வேண்டாம்; நல்ல கேஜ் ஒன்று டயர் விலையில் சின்னப் பங்குதான்.

கம்பெனி சொல்லும் அளவு குளிர்ந்த டயருக்கானது. சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு போய் இருங்காட்டுக்கோட்டையில் இறங்கியதும் கேஜை வைத்தால் அது சூடான அளவைக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் உண்மையில் மிகக் குறைவாகிவிடும். வண்டியை நிழலில் நிறுத்தி ஆறவிடுங்கள். வெயிலும் கணக்கில் வரும். டயரின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) சுமார் ஒன்றரை கூடும். காலை ஏழு மணிக்கு வைத்தது மதியம் அப்படியே இருக்காது.

ட்ராக்குக்கு எவ்வளவு குறைப்பது? ரோட்டு டயர் என்றால் கம்பெனி அளவிலிருந்து இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறைத்துத் தொடங்குங்கள். பெரிய சூப்பர் பைக்குக்கு யாரோ சொன்ன எண்ணை உங்கள் ஆர்15க்குப் போடாதீர்கள், எடையும் டயரும் வேறு. முதல் தடவை ஓட்டி முடித்து வந்ததும், ஹெல்மெட் கழற்றும் முன் கேஜை வையுங்கள். குளிரில் 30 இருந்தது 33, 35 என்று வந்தால் சரி. 37, 38 என்று எகிறினால் தொடங்கிய காற்று குறைவு. டயர் அளவுக்கு மீறி நெளிந்து சூடாகிறது, கொஞ்சம் ஏற்ற வேண்டும். 31ஐத் தாண்டவில்லை என்றால் தொடங்கிய காற்று அதிகமாக இருக்கலாம், அல்லது நீங்கள் இன்னும் மெதுவாக ஓட்டுகிறீர்கள். இதை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த முறை ஊகம் வேண்டாம்.

மாட்டிய மறுநாளே ட்ராக்

புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 100, 150 கிலோமீட்டர் மெதுவாக, சாய்வை மெல்ல மெல்லக் கூட்டி ஓட்டிய பிறகுதான் முழுப் பிடிமானம் வரும். ட்ராக் டேக்கு ஒரு வாரம் முன்னாலாவது மாட்டிவிடுங்கள். அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையில் இருக்கிறதா, பேலன்ஸ் பார்த்தார்களா என்று பக்கத்திலேயே நின்று கவனியுங்கள். வாட்டர் வாஷில் டயருக்குப் பாலிஷ் போடுவார்கள், கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பஞ்சர் ஒட்டிய டயரும், உள்ளே பசை ஊற்றிய டயரும் ட்ராக்குக்கு ஆகாது. வீட்டுக்கு வந்து சேரத்தான் அவை.

இருங்காட்டுக்கோட்டை கடிகாரச் சுற்றில் ஓடும் ட்ராக் என்பதால் வலது ஓரம் அதிகம் தேயும். ஓட்டி முடித்ததும் இரண்டு ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் கட்டை ஏதாவது ஓர் இடத்தில் மேலே தொட்டுவிட்டால், மற்ற இடம் எப்படி இருந்தாலும் டயர் முடிந்தது. வீட்டுக்குக் கிளம்பும் முன், குறைத்த காற்றை மறக்காமல் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள். இருட்டில், லாரிகளுக்கு நடுவில், குழி தெரியாத நெடுஞ்சாலையில் குறைந்த காற்றோடு போனால் அடி வாங்குவது ரிம்தான், ஒரு அலாய் ரிம்மின் விலைக்கு இன்னொரு டயரே வாங்கிவிடலாம்.