கண்மாய்க்கரைக்கு எந்த லென்ஸ்?

"அண்ணே, 600 வாங்கவா, 400 போதுமா?" கேமரா வாங்கிக் கொஞ்ச நாளில் பறவைகள் பக்கம் திரும்புகிற தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். 600, 400 என்பது மி.மீ. கணக்கில் லென்ஸின் குவியத் தூரம்; எண் கூடக்கூடத் தூரத்துப் பறவை பெரிதாக வரும். நான் திருப்பிக் கேட்பேன்: "எந்தப் பறவைப்பா? எங்கன உக்காரும்? நீ எங்கன நிப்ப?" இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடிந்தவருக்கு லென்ஸ் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. சொல்ல முடியாதவர் இன்னும் ஒரு மாதம் வெறும் பைனாகுலரோடு கரையில் நடக்கலாம். அதனால் நஷ்டம் எதுவும் இல்லை.

எனக்குத் திருமங்கலத்தில் கல்யாண போட்டோ தொழில். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. மழையில் நிறைந்த கண்மாய்களில் வலசைப் பறவைகள் வந்து இறங்கியிருக்கிற மாதமும் அதுதான். சாமநத்தம் கண்மாய், அரிட்டாபட்டி, வேட்டங்குடி, செண்பகத்தோப்பு என்று சுற்றுவதற்கு எனக்கு அதுதான் காலம். கீழே சொல்வதெல்லாம் இந்த இடங்களை மனத்தில் வைத்துச் சொல்வது.

முதலில் தூரத்தை அளந்து பாருங்கள். உங்கள் செல்போன் ஏறத்தாழ 16 செ.மீ. நீளம் இருக்கும். மடைக்கல்லில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும் சிறால் மீன்கொத்தியும் அதே நீளம்தான். போனை ஒரு சுவரில் நிறுத்திவிட்டு, 20 மீட்டர் தள்ளி நின்று, கையில் இருக்கும் லென்ஸில் ஒரு படம் எடுங்கள். கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்), 24 மெகாபிக்சல் கேமரா என்றால் 200 மி.மீ.யில் அந்தப் போன் சுமார் 400 பிக்சல்தான் வரும். 400 மி.மீ.யில் 800 பிக்சல், 600 மி.மீ.யில் 1200 பிக்சல். படத்தின் அகலமே 6000 பிக்சல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இப்போது அதே போனை 10 மீட்டரில் வைத்து 400 மி.மீ.யில் எடுத்தால் 1600 பிக்சல் கிடைக்கும். அதாவது, 20 மீட்டரில் 600 தருவதைவிட 10 மீட்டரில் 400 தருவது அதிகம். பறவை பயப்படாமல் பத்து மீட்டர் நெருங்குகிற பொறுமை உங்களுக்கு இருந்தால், லென்ஸில் போடவேண்டிய பணத்தில் பாதி மிச்சம்.

இந்தக் கணக்கிலேயே இன்னொன்றும் இருக்கிறது. "ஃபுல் ஃபிரேம் எடுத்தால் பறவை நன்றாக வரும்" என்று கடையில் சொல்வார்கள். ஃபுல் ஃபிரேம் என்பது பெரிய சென்சார் உள்ள கேமரா. அதே 24 மெகாபிக்சலில் ஃபுல் ஃபிரேம் எடுத்தால், 20 மீட்டரில் 400 மி.மீ. லென்ஸில் மீன்கொத்திக்குக் கிடைக்கும் பிக்சல் 800லிருந்து 530 ஆகக் குறையும். இருட்டில் அதன் படம் சுத்தமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் தூரத்துச் சின்னப் பறவைக்கு, கையில் இருக்கும் கிராப் கேமராவை வைத்துக்கொண்டு பணத்தை லென்ஸில் போடுவதே நல்லது.

கண்மாய்க்கு வருவோம். சாமநத்தம் மாதிரி அகலமான நீர்ப்பரப்பில் சங்குவளை நாரை நூறு மீட்டர் தள்ளி நிற்கும். உயரம் ஒரு மீட்டர்வரை இருப்பதால் 400 மி.மீ.யிலேயே படத்தின் உயரத்தில் கால் பங்கு வந்துவிடும். நீரும் கருவேல மரமும் சேர்ந்த நல்ல படம் அது. வாத்துக் கூட்டத்துக்கும் உள்ளான்களுக்கும்தான் 600 தேவைப்படும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. வெயில் ஏறிய பிறகு கண்மாய்ப் பரப்பின்மேல் காற்று கொதிக்க ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு நூறு மீட்டருக்கு அப்பால் எடுக்கிற எந்தப் படமும் குழையும். அதைச் சரிசெய்ய எந்த விலையிலும் லென்ஸ் கிடையாது. 800 மி.மீ. வைத்திருந்தால் குழைவும் சேர்ந்தே பெரிதாகத் தெரியும். விடியும்போது கரையில் இருக்க வேண்டும், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும் கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மதுரை வெயிலில் இது லென்ஸைவிட முக்கியம்.

அரிட்டாபட்டி வேறு மாதிரி. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். லகர் வல்லூறும் ஷாகீன் வல்லூறும் உச்சிப் பாறையில் இருக்கும். 150 மீட்டர் தள்ளி நின்று 600 மி.மீ. போட்டால்கூட வல்லூறு 400 பிக்சல் அளவுதான். அதனால் அங்கே முகத்தை நெருக்கிப் பிடிக்கிற ஆசையை விட்டுவிட்டு, பாறையோடு சேர்த்து எடுங்கள். தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் இருக்கிற மலை அது. பறவையைவிட மலை பெரிதாகத் தெரிவதுதான் அங்கே நியாயமான படம். பறக்கும்போது எடுக்க வேண்டுமென்றால் ஷட்டர் வேகம் 1/2000 நொடியைவிட மெதுவாக இருக்கக் கூடாது. லென்ஸில் ஃபோகஸ் லிமிட்டர் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். அருகில் இருப்பதைத் தேடாமல் தூரத்தில் மட்டும் தேடச் சொல்லும் அந்தச் சின்ன பட்டன் இல்லாவிட்டால், குறுக்கே ஒரு முள்ளுக்கிளை வந்ததும் ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடி, அது திரும்பி வருவதற்குள் வல்லூறு மலைக்கு அந்தப் பக்கம் போயிருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பில் பிரச்சினை தூரம் இல்லை, வெளிச்சம். சாம்பல் நிற மலை அணில் புளிய மர, மாமர உச்சியில் 15 மீட்டரில் இருக்கும். வாலோடு சேர்த்தால் பெரிய பிராணி. அதற்கு 600 அதிகம். எஃப் எண் சிறியதாக இருப்பதுதான் அங்கே வேண்டும்; எண் சிறிதாகச் சிறிதாக லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப் 4இல் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான கேமராவின் உணர்திறன்; கூட்டினால் படத்தில் புள்ளி விழும்) 1600 போதுமான இடத்தில், எஃப் 8 லென்ஸுக்கு 6400 வேண்டும். என்னைப் போல் கல்யாண வேலைக்காக 70-200 எஃப் 2.8 வைத்திருப்பவர்கள் புதிதாக எதுவும் வாங்கும் முன் 1.4 டெலிகன்வெர்ட்டரை யோசியுங்கள்; லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி, குவியத் தூரத்தை 1.4 மடங்காக்கும் துண்டு அது. 280 மி.மீ., எஃப் 4 ஆகிவிடும். மர நிழலில் இதைவிடச் சௌகரியமான சேர்க்கை நான் அறிந்து இல்லை. ஆனால் எல்லா 70-200உம் கன்வெர்ட்டரை ஏற்காது. 2019இல் வந்த கேனான் ஆர்எஃப் 70-200 எஃப் 2.8 ஏற்காது. கேட்டுவிட்டு வாங்குங்கள். 2 மடங்கு கன்வெர்ட்டர் வேண்டாம். இரண்டு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் முக்கால் பங்கை விழுங்கிவிடும், கூர்மையும் குறையும்.

அடுத்தது எடை. இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. சோனி 200-600, நிக்கான் இசட் 180-600, சிக்மா (கன்டெம்பரரி வகை), டாம்ரான் 150-600 எல்லாமே ஏறக்குறைய 2 கிலோ. வாங்கும் முன் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கண் உயரத்துக்குத் தூக்கி, ஒரு நாரை கிளம்பும்வரை காத்திருப்பதாக நினைத்து நின்று பாருங்கள். கை நடுங்க ஆரம்பித்தால், அந்த நடுக்கம் கரையிலும் வரும். லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பறவையின் அசைவை அல்ல. ஒரு மோனோபாட் (ஒற்றைக்கால் ஸ்டாண்ட்) வாங்குங்கள். அதுவும் வேண்டாமென்றால் துணிப்பையில் பச்சைப்பயறு நிரப்பி பைக் சீட்டின்மேலோ மடைச்சுவரின்மேலோ வைத்து அதில் லென்ஸைக் கிடத்துங்கள். எனக்கு இதுவே பெரும்பாலும் போதும்.

எடை தூக்க முடியாதவர்களுக்கும் முதல் லென்ஸ் வாங்குபவர்களுக்கும் கேனான் ஆர்எஃப் 100-400ஐச் சொல்வேன். 635 கிராம்தான். 400 மி.மீ.யில் எஃப் 8 என்பது அதன் குறை, அதிகாலையில் தெரியும். ஆனால் ஒரு மீட்டருக்குள்ளேயே ஃபோகஸ் ஆகும் என்பதால் ஓணானும் தட்டானும் அதிலேயே எடுக்கலாம். நிக்கானில் பழைய 200-500 எஃப் 5.6 இன்னும் நல்ல லென்ஸ், 2.3 கிலோ கனம், அடாப்டர் போட்டால் நிக்கானின் புதிய இசட் கேமராவிலும் ஓடும். கொஞ்சம் பணம் சேர்ந்தவர்களுக்கு நிக்கான் 500 எஃப் 5.6 பிஎஃப் (எடையைக் குறைக்கிற தனிவகைக் கண்ணாடி உள்ளது). ஒன்றரைக் கிலோவுக்குள் 500 மி.மீ. என்பது கரையில் நடக்கிறவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் பக்கம் கரிசல் மண். கோடையில் புழுதி எல்லாவற்றிலும் ஏறும். ஜூம் செய்யும்போது முன்பக்கம் நீண்டு வெளியே வரும் லென்ஸ்களில் அந்தப் புழுதி குழாயில் ஒட்டிக்கொண்டு உள்ளே போக வழி இருக்கிறது. சோனி 200-600, நிக்கான் 180-600 இரண்டும் நீளாமல் உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும். இந்த ஒரு காரணத்துக்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் தாராளமாக வாங்கலாம். பின்மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, எதிர்ப்பக்கமிருந்து பாருங்கள். நூலாம்படை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். இரண்டு தூசி தெரிந்தால் பரவாயில்லை. மவுண்ட்டில் மாட்டி ஆட்டிப் பாருங்கள், அதிக நீளத்தில் எஃப் எண்ணை முழுதாகத் திறந்து தூரத்துப் போர்டின் எழுத்தை எடுத்து நான்கு மூலையும் பாருங்கள். முடிந்தால், வாங்கும் முன் அதே லென்ஸை வாடகைக்கு எடுத்து ஒரு விடியற்காலை கண்மாய்க்குக் கொண்டுபோய் வாருங்கள்.

வேட்டங்குடிக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. 1977இல் சரணாலயமான அந்தக் கண்மாய்களில் பறவைகள் கூடு கட்டும். பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அங்கே போய் 200 மி.மீ.யை வைத்துக்கொண்டு கூட்டுக்குக் கீழே நிற்பது அந்த ஊருக்கே செய்கிற அவமரியாதை. கூட்டுப் படத்துக்கு 500க்குக் கீழே லென்ஸ் இருந்தால் எடுக்காதீர்கள். பறவை செய்வதை நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்கிறதா, நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டடி அல்ல, இருபதடி பின்வாங்குங்கள். தேவாங்கு தேடி இரவில் போகிறவர்கள் ஃபிளாஷைப் பையிலேயே வைத்துவிடுங்கள். செண்பகத்தோப்பு 2021 முதல் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி வாங்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

வாங்கிய பிறகு லென்ஸை பைக் டிக்கியில் வெயிலில் விடாதீர்கள். வீட்டில், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கும் டிரை கேபினட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜெல்லை அடிக்கடி சூடாக்கிக் காயவைக்க வேண்டியிருக்கும்.