உங்கள் நிலத்துக்கு வில்லங்கம் நீங்களே பார்ப்பது எப்படி?

எங்கள் குடும்பத்துக்கு முப்பது வருடமாகப் பத்திரம் எழுதியவர். அப்பாவுக்கு அவர் 'அண்ணே'தான். பட்டா உட்பிரிவுக்கு அலைய முடியாமல், அப்பா அவருக்கு ஒரு பவர் (தன் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிக்கொடுத்தார். அதில் விற்கும் அதிகாரமும் சேர்ந்திருந்ததை யாரும் படிக்கவில்லை. பாபநாசம் பக்கம் இரண்டு மா நஞ்சை அவர் மைத்துனர் பெயருக்குப் போய்விட்டது. அந்த வருடமும் சம்பா அறுத்தது நாங்கள்தான், அதனால் சந்தேகமே வரவில்லை.

1. பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்று (நிலத்தின் மேல் பதிவான கிரயம், கடன் போன்றவற்றின் பட்டியல்) பார்வையிடும் பக்கத்துக்குப் போங்கள். கட்டணம் இல்லை. எங்கள் நிலத்துக்கு மண்டலம் தஞ்சாவூர். மாவட்டம் என்று கேட்பது பதிவு மாவட்டம். கும்பகோணம் அதில் தனி மாவட்டம்.

2. புல எண் (சர்வே நம்பர்). நான் ஏமாந்தது இங்கேதான். எங்கள் பழைய பத்திரத்தில் 87/2. அதைப் போட்டுத் தேடினேன், சுத்தமாக இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் உட்பிரிவு ஆனபின் அது 87/2பி. விற்ற பத்திரம் புது எண்ணில் பதிவாகியிருந்தது. எனவே முதலில் இணையத்தில் பட்டாவை எடுத்து இன்றைய உட்பிரிவு எண்ணைப் பாருங்கள். பழையது, புதியது இரண்டையும் தேடுங்கள்.

3. வந்த பட்டியலில் 'எழுதிக்கொடுத்தவர்' பெயருக்குப் பக்கத்தில் முகவர் (பவர் வாங்கியவர்) என்று யாராவது இருக்கிறார்களா பாருங்கள். 'உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு' என்றிருந்தால் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதைப் பிரவுசிங் சென்டரில் கொடுத்துப் பார்க்காதீர்கள். வீட்டிலேயே, போனில் அல்ல, கணினியில் பாருங்கள், பட்டியல் நீளமானது. பிடிஎஃப்பைத் தேதி போட்டுச் சேமித்து வையுங்கள். நான் மேட்டூர் திறக்கும் ஜூன் 12 அன்று ஒருமுறை, பொங்கல் கழித்து ஒருமுறை பார்க்கிறேன்.

பவர் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், அந்த ஒரு வேலைக்கு மட்டும் கொடுங்கள். 'விற்க', 'அடமானம் வைக்க' என்ற சொற்கள் இருந்தால் அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள், புதிதாக எழுதச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: பவரை ரத்து செய்தால் நிலம் திரும்புமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். திரும்பாது அக்கா. ரத்து இனி நடப்பதைத்தான் தடுக்கும். அதையும் பதிவு செய்யுங்கள், முகவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நடந்துபோன கிரயத்துக்கு மாவட்டக் குற்றப்பிரிவில் புகார், சிவில் நீதிமன்றத்தில் வழக்கு. எங்கள் வழக்கு இன்னும் நடக்கிறது.