சிக்னல் இல்லாத வயலிலும் நிற்காத படிவம்

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் யானை மிதித்த வயல்களைப் பதிவு செய்யப் போகும் உத்தியோகத்தருக்கு ஒரு படிவம் செய்வோம். பதிவது ஒரு வேலை, அனுப்புவது வேறு வேலை. முதலாவது வயல் வரம்பில் நின்றபடியே முடிய வேண்டும். மற்றது சிக்னல் கிடைக்கும் ஏ9 வீதிக்கு வந்த பிறகு நடக்கட்டும்.

கருவிக்கு, படிவம் செய்து தரவு திரட்ட உதவும் கோபோ டூல்பாக்ஸ் என்ற மென்பொருள் போதும். படிவத்தைக் கணினியில் செய்து, ஆண்ட்ராய்ட் போனில் கோபோகலெக்ட் செயலிக்குள் முன்கூட்டியே இறக்கிவிடலாம்.

முதலில் பட்டியல்கள். ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்ய விட்டால் ஒருவர் முத்தையன்கட்டு என்பார், இன்னொருவர் முத்தையன்கட்டுக்குளம் என்பார். பிறகு எண்ணிக் கூட்டவே முடியாது. பிரதேச செயலகப் பிரிவையும் கிராம அலுவலர் பிரிவையும் தெரிவுகளாகப் படிவத்துக்குள்ளேயே வையுங்கள். துணுக்காய் பிரதேச செயலகப் பிரிவைத் தொட்டால் அதன் கிராம அலுவலர் பிரிவுகள் மட்டும் வர வேண்டும். இதற்கு இணையம் தேவையில்லை.

அடுத்து கட்டாயக் கேள்விகள். இவற்றை மிகக் குறைவாக வையுங்கள். தொலைபேசி எண்ணைக் கட்டாயமாக்கினால், போன் இல்லாத விவசாயிக்குப் பத்துப் பூச்சியம் எழுதப்படும். அது வெற்றிடத்தை விட மோசம்.

வயல் இருக்கும் இடத்தைப் பதியப் போன் சிக்னல் வேண்டாம், செய்மதி (ஜிபிஎஸ்) போதும். ஆனால் டேட்டா இல்லாதபோது முதல் தடவை பிடிக்கச் சில நிமிடம் ஆகலாம். மர நிழலை விட்டு வெளியே நின்று, திரையில் தெரியும் துல்லியம் சில மீற்றருக்குள் வரும்வரை பொறுக்க வேண்டும். இந்தக் குறிப்பைக் கேள்வியின் கீழேயே எழுதிவிடுங்கள்.

புகைப்படம்தான் அனுப்பும்போது சிக்கும். நீண்ட பக்கம் 1024 பிக்சலுக்கு மேல் போகாதபடி கேள்வியின் அமைப்பில் கட்டுப்படுத்துங்கள். சேதத்தைக் காட்ட அது தாராளம்.

அனுப்புவது பற்றி உத்தியோகத்தருக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, பாதியில் அறுந்தால் அதே பதிவை மறுபடி அனுப்பலாம். ஒவ்வொன்றுக்கும் போனே தனி அடையாளம் கொடுத்திருப்பதால் இரட்டிக்காது. மற்றது, அனுப்பாத பதிவுகள் இருக்கும்போது செயலியை நீக்கக் கூடாது. நீக்கினால் அவையும் போய்விடும்.

சரி, இப்போது சோதனை. படிவத்தை இறக்கிய பிறகு போனை விமான நிலையில் (ஏர்பிளேன் மோட்) போட்டு இரண்டு மூன்று பதிவுகளைப் படத்தோடு நிரப்புங்கள். போனை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்து, அப்புறம் இணையத்தைத் திறந்து அனுப்புங்கள். எங்காவது இணையம் கேட்டு நின்றால், வயலுக்குக் கொடுத்தனுப்ப முன் அந்த இடத்தைத் திருத்துங்கள்.