'சேஞ்சபிள்' என்று எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது?

கல்லூரி முடித்த புதிதில் நாகர்கோவிலில் ஒரு நேர்காணலுக்குப் போனேன். எந்த ஷிஃப்ட் கொடுத்தாலும் பார்ப்பேன் என்று சொல்ல நினைத்து, "ஐ ஆம் அ சேஞ்சபிள் பெர்சன்" என்றேன். எதிரே இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று பேசுகிற ஆள் நான் என்று நானே ஒப்புக்கொண்டது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. தமிழில் 'மாறுகிற' என்ற ஒரே சொல்லை வானத்துக்கும் விலைக்கும் மச்சானுக்கும் போட்டுவிடலாம். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். ஒவ்வொரு படியாகப் போவோம்.

படி 1: எழுத்து

சேஞ்ச் என்ற சொல்லோடு 'ஏபிள்' சேரும்போது நடுவில் இருக்கும் 'இ' எழுத்தை விட்டுவிடாதீர்கள். அது போனால் 'ஜி' என்ற எழுத்து 'ஜ' ஒலியை இழந்து 'க' ஒலிக்குப் போய்விடும். இவ்வளவுதான், அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: முதலில் வானத்தோடு பழகுங்கள்

இந்தச் சொல் தயங்காமல் உட்காரும் இடம் வானிலைதான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. தக்கலையில் வெயில் அடிக்கும், நாகர்கோவில் வருவதற்குள் குடை தேட வேண்டியிருக்கும். "த வெதர் இஸ் சேஞ்சபிள் டுடே" என்று தாராளமாகச் சொல்லுங்கள். பழைய காற்றழுத்தமானிகளின் முகப்பில் 'ரெயின்', 'ஃபேர்' இரண்டுக்கும் நடுவில் 'சேஞ்ச்' என்றே எழுதியிருக்கும்.

காற்றின் திசை நிலையாக இல்லை என்றால் மட்டும் 'வேரியபிள்' என்பார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கான வானிலை அறிக்கையில் இந்தச் சொல் அடிக்கடி வரும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று ஒரே சீராக வீசுகிற நாளில் அதைப் போட முடியாது.

படி 3: மாறுகிறதா, வேறுபடுகிறதா?

பலரும் தடுக்கி விழுகிற இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தை எடுத்துக்கொள்வோம். சின்னமுட்டம் பக்கம், அதாவது கிழக்குக் கரைக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் இருக்கும் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டுமே 61 நாட்கள். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தேதிகள். இதை "த டேட்ஸ் ஆர் சேஞ்சபிள்" என்று சொன்னால், தேதியை யாரோ அடிக்கடி மாற்றுகிறார்கள் என்று ஆகிவிடும். இங்கே தேதி அசையவே இல்லை, இடத்துக்கு இடம் வேறாக இருக்கிறது. "த டேட்ஸ் வேரி ஃப்ரம் கோஸ்ட் டு கோஸ்ட்" என்பதுதான் சரி. 'வேரி' என்ற வினைச்சொல் நாளுக்கு நாள் மாறுவதையும் குறிக்கும், இடத்துக்கு இடம் வேறுபடுவதையும் குறிக்கும். 'சேஞ்ச்' முதல் வேலையை மட்டுமே செய்யும்.

விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகை யோசித்துப் பாருங்கள். கடல் சீற்றமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். அந்த நேர அட்டவணைக்குப் பொருத்தமான தொடர் "சப்ஜெக்ட் டு சேஞ்ச்". மாறினாலும் மாறலாம், எங்களைக் கேட்காதீர்கள் என்று நாசூக்காகச் சொல்வது.

படி 4: விலை

தோவாளைப் பூச்சந்தையில் பிச்சியும் மல்லியும் ஒரே விலையில் இருந்து நான் பார்த்ததில்லை. முகூர்த்தம், ஓணம் என்றால் ஏறும், அப்புறம் இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு 'ஃப்ளக்சுவேட்'. அலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் பிறந்தது என்பதால், கடலோரத்துக்காரர்களுக்கு மறக்காது. "த பிரைஸ் ஆஃப் ஜாஸ்மின் ஃப்ளக்சுவேட்ஸ் எவ்ரி டே."

திடீரென்று, எதிர்பாராமல், பெரிய அளவில் தாவினால் 'வொலடைல்'. இதற்கு லத்தீனில் பறப்பது என்று மூலப்பொருள். திறந்து வைத்த பெட்ரோல் ஆவியாகிப் போவதற்கும் வேதியியலில் இதே சொல்தான். ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் "த மார்க்கெட் இஸ் வொலடைல்" என்று சொல்லிப் பாருங்கள், மொழிபெயர்க்காமலே தலையாட்டுவார்கள்.

படி 5: மனிதர்கள்

இங்கே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: பாராட்டுகிறேனா, குறை சொல்கிறேனா?

பாராட்டு என்றால் 'ஃபிளெக்ஸிபிள்'. நாம் 'வளைந்துகொடுப்பவர்' என்கிறோமே, அச்சு அசல் அதேதான். அந்த நேர்காணலில் நான் சொல்லியிருக்க வேண்டியது "ஐ ஆம் ஃபிளெக்ஸிபிள் வித் ஷிஃப்ட்ஸ்". புது இடம், புது வேலைக்குத் தன்னைப் பழக்கிக்கொள்பவர் 'அடாப்டபிள்'.

குறை என்றால் 'ஃபிக்கிள்'. சொன்ன சொல்லில் நிற்காதவர். சட்டென்று முகம் மாறுகிறவர் 'மூடி'. 'மெர்குரியல்' என்றும் உண்டு, பாதரசம் போல ஓரிடத்தில் நிற்காதவர். எழுத்தில் அழகாக இருக்கும், டீக்கடையில் வேண்டாம்.

படி 6: கடையில்

வாங்கிய சட்டையை மாற்ற "இஸ் இட் சேஞ்சபிள்?" என்று கேட்காதீர்கள். "கேன் ஐ எக்ஸ்சேஞ்ச் திஸ்?" என்று கேளுங்கள். பஸ்ஸில் நாம் கேட்கிற "சேஞ்ச் இருக்கா?" தனிக் கதை, அது சில்லறை. ஆங்கிலத்திலும் அதற்கு அதே சொல்தான் என்பதால் அங்கே பயமில்லை.

பயிற்சி

விடையைப் பார்க்காமல் இவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு கிடையாது, அதனால் வேலை நாட்கள் மாதத்துக்கு மாதம் மாறும்.
மாமா, நீங்கள் எந்த நாள் வந்தாலும் எனக்குச் சரிதான்.
அத்தான் வருவேன் என்கிறார், அடுத்த நிமிடம் இல்லை என்கிறார்.

முதலாவதற்கு "த நம்பர் ஆஃப் ஒர்க்கிங் டேஸ் வேரீஸ் ஃப்ரம் மன்த் டு மன்த்". இரண்டாவதற்கு "ஐ ஆம் ஃபிளெக்ஸிபிள், எனி டே இஸ் ஃபைன்". மூன்றாவதற்கு "ஹி கீப்ஸ் சேஞ்சிங் ஹிஸ் மைண்ட்". அதற்கு 'ஃபிக்கிள்' என்று எழுதியிருந்தாலும் மதிப்பெண் உண்டு, அத்தான் காதில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.